நீர் காத்த கோட்டை

நுழையும்முன்

அரசர்கள் ஆண்ட வறண்ட நிலங்களைக் காணச் செல்வோர் பெரும்பாலும் மதில்களையும் மாளிகைகளையும் பார்த்துத் திரும்புகின்றனர். அம்மதில்களுக்குள் வாழ்ந்தோர் கோடையில் எந்நீரைப் பருகினர், படைகளும் குதிரைகளும் யானைகளும் எவ்வாறு தாகம் தணித்தன என்னும் வினாக்கள் பலருக்கும் எழுவதில்லை. விழுப்புரம் மாவட்டத்தின் செஞ்சிக் கோட்டையை இவ்வினாக்களோடு அணுகினால், கல்லின் வரலாற்றுக்கு அடியில் நீரின் வரலாறு ஒன்று புலப்படும். அவ்வரலாற்றைக் காட்டுகிறது இக்கட்டுரை.

பாலை என்னும் நிலை

பழந்தமிழர் நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்தாகப் பகுத்தனர். இவற்றுள் பாலைக்கெனத் தனி நிலம் தமிழகத்தில் இல்லை. மழை பொய்த்து, வெயில் மிகுந்து, குறிஞ்சியும் முல்லையும் தம் இயல்பு கெட்டுத் திரியும்போது அவையே பாலையின் தோற்றத்தைப் பெறும் எனச் சிலப்பதிகாரம் விளக்குகிறது. பாலையை ஓர் இடமாகக் கொள்ளாமல் நிலம் அடையும் ஒரு நிலையாகக் கொண்ட இக்கருத்து ஆழ்ந்து எண்ணத்தக்கது. எந்த நிலமும் நீரை இழந்தால் பாலையாகலாம். நீரைப் பேணினால் பாலையாகாமல் தப்பலாம்.

விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி ஆகிய ஊர்கள் அமைந்த நிலப்பகுதி இக்கருத்துக்குத் தக்க சான்று. இங்கு ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 1,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இது குறைவான அளவன்று. ஆயினும் இம்மழையின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்திலும் தென்மேற்குப் பருவக்காற்றின் பிற்பகுதியிலுமாகச் சில மாதங்களிலேயே பெய்துவிடுகிறது. எஞ்சிய மாதங்களில் கருங்கற்குன்றுகள் வெயிலைத் தாங்கி நின்று சூழலை வெம்மையாக்குகின்றன. ஆண்டு முழுதும் நீர் ஓடும் பேராறு செஞ்சியில் இல்லை. இங்கு அரசு அமைக்க விரும்பியோர் மழைநாளின் நீரைக் கோடைவரை காக்க வேண்டியிருந்தது.

திருக்குறளின் 75ஆம் அதிகாரம் அரண். ஓர் அரணுக்கு உரிய உறுப்புகளாக நீர், வெட்டவெளி நிலம், மலை, அடர்ந்த காடு ஆகிய நான்கையும் வள்ளுவர் கூறுகிறார். அவற்றுள் நீரையே முதலில் வைக்கிறார். மதிலின் உயரத்தையும் திண்மையையும் அதன் பின்னரே பேசுகிறார்.

அகழியின் பெயர் தாங்கிய ஊர்

இந்நிலத்தின் அரசு மரபு மிகத் தொன்மையானது. சங்க காலத்தில் இப்பகுதி ஓய்மாநாடு என வழங்கியது. அதனை ஆண்ட நல்லியக்கோடனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டது நத்தத்தனார் இயற்றிய சிறுபாணாற்றுப்படை. வறுமையால் வாடிய பாணனை அம்மன்னனிடம் ஆற்றுப்படுத்தும் அந்நூல், எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், கிடங்கில் முதலிய ஊர்களின் வழியே நம்மை அழைத்துச் செல்கிறது. அந்தக் கிடங்கில், இன்று கிடங்கல் என்னும் பெயரோடு திண்டிவனம் நகரின் ஒரு பகுதியாக விளங்குகிறது.

'கிடங்கு' என்னும் சொல்லுக்கு அகழி என்னும் பொருள் உண்டு. நீர் நிறைந்த அகழியால் சிறப்புற்ற ஊர் என்பதனை அப்பெயர் உணர்த்துகிறது எனலாம். 'திண்டிவனம்' என்னும் பெயர் புளியமரத்தைக் குறிக்கும் 'திந்திரிணி' என்னும் வடசொல்லோடு தொடர்புடையது. புளியமரங்கள் நிறைந்த காடு என்பது அதன் பொருள். அகழியின் பெயர் ஒன்றும் காட்டின் பெயர் ஒன்றும் ஒரே நகரில் அருகருகே நிலைத்துள்ளன. வள்ளுவர் கூறிய அரணின் உறுப்புகளில் இரண்டு இவ்வாறு ஊர்ப்பெயர்களிலேயே தங்கிவிட்டன.

தார்ப் பாலையின் கோட்டைகள்

செஞ்சியைக் காண்பதற்கு முன் வடமேற்கு இந்தியாவின் தார்ப் பாலைநிலத்தை நினைவிற்கொள்வது பயன்தரும். இராசத்தானின் ஜெய்சல்மேரில் ஆண்டு மழை மிகக் குறைவு. அங்கு 1156ஆம் ஆண்டில் இராவல் ஜெய்சல் என்னும் மன்னர் மஞ்சள் நிற மணற்கல்லால் ஒரு கோட்டையை எழுப்பினார். மக்கள் இன்றும் குடியிருக்கும் அக்கோட்டைக்கு வெளியே மழைநீரைத் தேக்கும் கடிசர் ஏரி உள்ளது. ஒட்டகங்களில் பொருளேற்றி வந்த வணிகக் கூட்டங்களும் நகர மக்களும் நெடுங்காலம் அவ்வேரியை நம்பியிருந்தனர். ஜோத்பூரில் 1459இல் இராவ் ஜோதா தொடங்கிய மெஹ்ரான்கர் கோட்டையின் அடிவாரத்திலும் ராணிசர், பதம்சர் என்னும் இரு நீர்நிலைகள் உள்ளன. பாறைச் சரிவில் வழியும் மழைநீர் அவற்றில் சேர்கிறது.

ஜெய்சல்மேர் நமக்கு மற்றொரு பாடத்தையும் தருகிறது. தலைமுறை தலைமுறையாகக் குடத்தில் சுமந்து வந்த நீரைச் சிக்கனமாகச் செலவிட்ட கோட்டைக்குள், அண்மைக் காலத்தில் குழாய்நீர் தாராளமாக வந்தது. வெளியேறும் நீருக்குப் போதிய வடிகால் இல்லாமையால் அது மண்ணில் கசிந்து கோட்டையின் அடித்தளத்தைத் தளர்த்தியது. நீர் இல்லாமையால் மட்டுமன்றி, நீரை முறையாகக் கையாளாமையாலும் மரபுச்சின்னங்கள் அழியக்கூடும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

ஜெய்சல்மேர் உள்ளிட்ட இராசத்தானின் ஆறு மலைக்கோட்டைகளை யுனெஸ்கோ அமைப்பு 2013ஆம் ஆண்டு உலக மரபுச்சின்னங்களாக அறிவித்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 2025 ஜூலையில், 'இந்தியாவின் மராத்தியப் படை நிலத்தோற்றங்கள்' என்னும் தலைப்பில் மேலும் 12 கோட்டைகள் அப்பட்டியலில் இடம்பெற்றன. அவற்றுள் 11 மகாராட்டிரத்தில் உள்ளவை. எஞ்சிய ஒன்று செஞ்சிக் கோட்டை.

மூன்று குன்றுகளும் ஒரு மதிலும்

திண்டிவனத்திலிருந்து மேற்கே ஏறத்தாழ 28 கிலோமீட்டர் தொலைவிலும் விழுப்புரத்திலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 38 கிலோமீட்டர் தொலைவிலும் செஞ்சி அமைந்துள்ளது. ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிவைத்தாற்போன்ற பெரும்பாறைகளால் ஆன குன்றுகள் தொலைவிலேயே தோன்றும். அவற்றுள் இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்றும் முக்கோண வடிவில் நிற்கின்றன. இம்மூன்றையும் இணைத்து நெடுமதில் ஒன்று ஓடுகிறது. மதிலின் நீளம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர். மதிலுக்கு வெளியே அகழி.

இராஜகிரியே மூன்றனுள் உயரமானது. ஏறத்தாழ 240 மீட்டர் உயரமுடையது. அதன் உச்சியை அடைவதற்குச் சற்று முன் இயற்கையாக அமைந்த ஆழ்ந்த பாறைப்பிளவு ஒன்று குறுக்கிடுகிறது. அப்பிளவின்மீது அமைந்த பாலமே உச்சிக்குச் செல்லும் வழி. பாலத்தை நீக்கிவிட்டால் பகைவர் மேலேற இயலாது. சிறுபடை ஒன்றே பெரும்படையைத் தடுத்துவிடும்.

அரசுகள் மாறிய வரலாறு

செஞ்சியில் முதலில் அரண் அமைத்தவர் ஆனந்தக் கோன் என்னும் தலைவர் என்றும், அவர்தம் காலம் ஏறத்தாழ கி.பி. 1200 என்றும் மரபுவழி வரலாறு கூறுகிறது. அவர் வழிவந்த கிருஷ்ணக் கோனின் பெயராலேயே கிருஷ்ணகிரி வழங்குகிறது என்பர். பின்னர் விசயநகரப் பேரரசின் ஆட்சிக்குட்பட்ட செஞ்சி, 16ஆம் நூற்றாண்டில் நாயக்கர்களின் தலைநகராகச் செழித்தது. 1597இல் இங்கு வந்த நிக்கோலஸ் பிமெண்டா என்னும் இயேசு சபைப் பாதிரியார், இந்தியாவில் தாம் கண்ட நகரங்களுள் இதுவே பெரியது என்றும், லிஸ்பன் தவிர்த்த போர்ச்சுகல் நகரங்கள் அனைத்தையும் விடப் பெரியது என்றும் வியந்து எழுதினார்.

1649ஆம் ஆண்டளவில் பீஜப்பூர்ச் சுல்தானின் படை செஞ்சியைக் கைப்பற்றியது. 1677இல் சத்ரபதி சிவாஜி அதனை வென்று, மதில்களையும் அகழிகளையும் புதுக்கி வலுப்படுத்தினார். 1698இல் முகலாயர்வசமும், அவர்களின்பின் ஆர்க்காட்டு நவாபின்வசமும், 1750இல் பிரெஞ்சுக்காரர்வசமும், 1761இல் ஆங்கிலேயர்வசமும் கோட்டை சென்றது. 1780இல் ஹைதர் அலியின் படைகளும் இங்குக் கால்பதித்தன. ஆட்சிகள் மாறினும் ஆள வந்தோர் ஒவ்வொருவரும் இங்கிருந்த குளங்களையே நம்பினர்.

தெரிந்து தெளிவோம்

செஞ்சியின் பெயரோடு மக்கள் நாவில் நிலைத்தவர் தேசிங்கு ராஜன். அவருடைய இயற்பெயர் தேஜ் சிங். மத்திய இந்தியாவின் புந்தேல்கண்ட் பகுதியைச் சேர்ந்த இராசபுத்திரக் குலத்தில் தோன்றியவர். பாறைகளும் வறட்சியும் நிறைந்த அந்நிலமும் ஏரிகளாலும் கோட்டைகளாலும் பெயர்பெற்றதே. அவருடைய தந்தை சொரூப் சிங் 1700ஆம் ஆண்டில் செஞ்சிக் கோட்டையின் தலைவராக அமர்த்தப்பட்டார். 1714இல் தந்தை இறந்தபின் பொறுப்பேற்ற தேஜ் சிங், ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானுக்குத் திறைசெலுத்த மறுத்தார். அவ்வாண்டு அக்டோபரில் சிறுபடையோடு பெரும்படையை எதிர்த்துப் போரிட்டு இளமையிலேயே உயிர்நீத்தார். அவருடன் அவர்தம் இசுலாமிய நண்பரும் போர்க்களத்தில் வீழ்ந்தார் என்று கதைப்பாடல் போற்றுகிறது. சில மாதங்களே அதிகாரம் பெற்றிருந்த வட இந்திய இளைஞர் ஒருவரைத் தமிழ் நாட்டுப்புறப் பாடகர்கள் தம் தலைவராக ஏற்றுத் தலைமுறைகளாகப் பாடினர்.

நீரின் வழியே ஓர் உலா

கோட்டைக்குள் நுழைந்ததும் கண்ணைக் கவர்வது கலியாண மகால். சதுர முற்றத்தின் நடுவே பல நிலைகளோடு உயர்ந்து, கூம்பு வடிவக் கூரையோடு முடியும் எழிலான கட்டடம் அது. அதனைச் சூழ்ந்த அறைகள் அரச மகளிர் தங்குவதற்கு உரியன. இம்மாளிகையின் மேல்நிலைகள் வரை நீர் செல்லும்படி சுடுமண் குழாய்கள் அமைக்கப்பட்டிருந்தன. எந்திரம் இல்லாக் காலத்தில் நீர் எவ்வாறு மேலேறியது? உயரமான இடத்தில் தேங்கிய நீர், மூடிய குழாயின் வழியே இறங்கி வந்தால், தான் புறப்பட்ட மட்டத்தை நோக்கி மீண்டும் ஏறும் இயல்புடையது. நீரின் இவ்வியல்பை அறிந்த கைவினைஞர்கள் குன்றின் சரிவையே தம் எந்திரமாகப் பயன்படுத்தினர்.

அரண்மனைப் பகுதியைக் கடந்தால் குளங்கள் தொடங்குகின்றன. யானைகள் நீராடிய ஆனைக்குளம் ஒருபுறம். இராஜகிரியின் அடிவாரத்தில் செட்டிகுளமும் சக்கரக்குளமும். இவை அமைந்த இடங்களைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். கருங்கற்பாறை நீரை உறிஞ்சுவதில்லை. குன்றின்மீது பெய்யும் மழை அப்படியே சரிந்து கீழே வரும். அந்நீர் வீணே ஓடிவிடாமல் அடிவாரத்திலேயே தேக்கினால் குன்று முழுவதும் குளத்தின் நீர்ப்பிடிப்புப் பரப்பாகிவிடும். உழவருக்குப் பயன்படாத பாறை, குளத்திற்குப் பெரும் செல்வமாகிறது. கோட்டையைப் பாதுகாத்த அதே குன்று கோட்டைக்கு நீரையும் தந்தது. போரில் வீழ்ந்த தேசிங்கின் உடல் செட்டிகுளக் கரையில் எரியூட்டப்பட்டது என்று மரபு கூறுகிறது.

இராஜகிரியில் ஏறும் வழியில் கமலக்கண்ணி அம்மன் கோயில் உள்ளது. உச்சியில் அரங்கநாதர் கோயிலும் களஞ்சியமும் கருவூலமும் காவல் மேடையும் உள்ளன. அவ்வளவு உயரத்திலும் நீரூற்று ஒன்றுண்டு. பாறையின் வெடிப்புகளில் இறங்கிய மழைநீர் மெல்லக் கசிந்து சுனையாவது மலைகளின் இயல்பு. உச்சியில் களஞ்சியமும் சுனையும் இருந்தமையால், கீழ்க்கோட்டை பகைவர் கையில் வீழ்ந்தாலும் மேற்கோட்டையில் உள்ளோர் உணவும் நீருமின்றி மடிய நேராது.

கிருஷ்ணகிரியில் நெற்களஞ்சியங்களோடு எண்ணெயும் நெய்யும் சேமித்துவைக்கும் கிணறு போன்ற தொட்டிகளும் உள்ளன. அதன் உச்சியில் குவிமாடத்தோடு அமைந்த மண்டபம் இசுலாமியக் கட்டடக் கலையின் சாயலைக் கொண்டது. கீழே சாதத்துல்லா கான் கட்டிய மசூதியில் பாரசீகக் கல்வெட்டுகள் உள்ளன. கோட்டைக்குள் உள்ள கோயில்களுள் பெரியது நாயக்கர் கால வேங்கடரமணர் கோயில். அதன் அழகிய தூண்கள் சிலவற்றைப் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரிக்குக் கொண்டுசென்றனர். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தியடிகளின் சிலையைச் சூழ்ந்து நிற்பவை செஞ்சியின் தூண்களே.

எட்டாண்டு முற்றுகை

செஞ்சியின் வலிமை முழுவதும் சோதிக்கப்பட்ட காலம் 1690 முதல் 1698 வரையிலான முற்றுகைக் காலம். சிவாஜியின் இளைய மகன் இராஜாராம் மராத்திய நாட்டிலிருந்து தப்பி வந்து செஞ்சியைத் தம் அரசின் இருப்பிடமாக்கினார். அவரைப் பிடிக்க ஔரங்கசீப் அனுப்பிய தளபதி சுல்பிகர் கான் கோட்டையை முற்றுகையிட்டார். முற்றுகை எட்டாண்டுகள் நீடித்தது. முகலாயர் கோட்டையைக் கைப்பற்றியபோது இராஜாராம் அங்கிருந்து வெளியேறியிருந்தார்.

இந்நீட்சிக்குப் பல காரணங்கள் உண்டு. குன்றுகள் மூன்றையும் முழுமையாக வளைத்துக்கொள்வது எப்படைக்கும் அரிது. மராத்தியத் தளபதிகள் சந்தாஜியும் தனாஜியும் முகலாயப் படைக்கு வரும் உணவுப்பொருள்களை வழிமறித்தனர். முகலாயப் படைத்தலைவர்களிடையே ஒற்றுமையும் இல்லை. இவற்றோடு, கோட்டைக்குள் நீர் வற்றாமல் இருந்ததும் எண்ணத்தக்கது. எட்டு மழைக்காலங்களும் எட்டுக் கோடைகளும் கோட்டைக்குள் இருந்தோரைக் கடந்துசென்றன. குளமும் சுனையும் இல்லாத கோட்டை எட்டு மாதங்களுக்குக் கூடத் தாங்கியிராது.

பிற்காலத்தில் இங்குத் தங்கிய ஐரோப்பியப் படைவீரர்கள் காய்ச்சலால் பெரிதும் துன்புற்றனர். செஞ்சி உடல்நலத்திற்கு ஒவ்வாத இடமெனப் பெயர்பெற்றது. படைத்தேவை மறைந்தபின் நகரமும் மெல்லச் சுருங்கியது. 1921ஆம் ஆண்டில் கோட்டை தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சின்னமாக அறிவிக்கப்பட்டது. இன்று இந்தியத் தொல்லியல் துறை அதனைப் பாதுகாத்து வருகிறது.

வழியில் காணத்தக்கவை

செஞ்சிக்குச் செல்வோர் வழியிலுள்ள பிற இடங்களையும் காணலாம். திண்டிவனத்திற்கும் செஞ்சிக்கும் இடையே மேல்சித்தாமூர் உள்ளது. தமிழ்ச் சமணர்களின் திருமடம் இங்குதான் இருக்கிறது. செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில், ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர்களின் உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் 57 நாள்கள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த செய்தியை அங்குள்ள கல்வெட்டு தெரிவிக்கிறது. அரசர்கள் ஆளுதற்குத் தேர்ந்த இதே பாறைநிலத்தைத் துறவியர் துறத்தற்குத் தேர்ந்தனர்.

செஞ்சியிலிருந்து விழுப்புரம் செல்லும் வழியில் மண்டகப்பட்டு உள்ளது. முதலாம் மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் குடைவித்த குகைக்கோயில் இங்குக் காணத்தக்கது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகியவற்றைப் பயன்படுத்தாமல் நான்முகன், சிவன், திருமால் ஆகியோருக்கு எடுத்த கோயில் இது என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டில் மன்னன் பெருமிதத்தோடு அறிவிக்கிறான். அருகிலுள்ள தளவானூரிலும் அவன் குடைவித்த கோயில் உண்டு. பனமலையில் இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயில் குன்றின்மீது நிற்கிறது. அங்கு உமையம்மையின் பல்லவர் கால ஓவியம் எஞ்சியுள்ளது. குன்றை ஒட்டி விரிந்து கிடக்கிறது பனமலை ஏரி. குன்றில் வழியும் நீரைத் தேக்கும் முறையைச் செஞ்சியில் கண்டவர்கள் இங்கும் அதனை அடையாளம் காண்பர்.

எண்ணாயிரம் என்னும் ஊரில் முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் கல்லூரி ஒன்று இயங்கியது. அங்கு 340 மாணவர்கள் உண்டு உறைந்து பயின்றனர் என்பதனைக் கல்வெட்டு கூறுகிறது. நாள்தோறும் அத்தனை பேருக்கும் சோறிட்டது இந்நிலத்தில் விளைந்த நெல். அந்நெல்லை விளைவித்தவை இங்குள்ள ஏரிகள்.

செஞ்சிக் குன்றுகளில் ஏற விரும்புவோர் காலையிலேயே தொடங்குதல் நன்று. நண்பகலில் பாறைகள் மிகுந்த வெம்மையை வெளியிடும். குடிநீரைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். மழைக்காலம் முடிந்த தை, மாசி மாதங்கள் உகந்தவை. அப்போது குன்றுகளின் அடியில் குளங்களும் நிறைந்திருக்கும்.

நம் முன் உள்ள கடமை

2024 டிசம்பர் முதல் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், பெஞ்சல் புயலின்போது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஓராண்டில் பெய்யக்கூடிய மழையில் ஏறத்தாழ பாதி ஒரே நாளில் கொட்டித் தீர்த்தது. வயல்களும் சாலைகளும் குடியிருப்புகளும் நீரில் மூழ்கின. இத்தகைய பெருமழைக்குப் பின்னரும் கோடையில் கிணறுகள் வற்றுவதை இப்பகுதி உழவர்கள் அறிவர். இந்நிலத்தில் வெள்ளமும் வறட்சியும் ஒரே ஆண்டில் அடுத்தடுத்து வரக்கூடியவை. இரண்டிற்கும் நடுவே நிற்பவை ஏரிகளும் குளங்களுமே.

ஓர் ஏரி என்பது கரையும் நீரும் மட்டுமன்று. நீரைக் கொண்டுவரும் வரத்துக்கால், அளவறிந்து நீரைத் திறந்துவிடும் மதகு, மிகுநீரை அடுத்த ஏரிக்கு அனுப்பும் கலங்கல் ஆகியவை சேர்ந்ததே ஏரி. இவற்றுள் ஒன்று தூர்ந்தாலும் ஏரி செயலிழக்கும். நீரைத் தரும் குன்றுகள் உடைக்கப்பட்டு மறைந்தாலும் அதன் கீழுள்ள குளத்திற்கு நீர்வரத்துக் குறையும். ஊரார் கூடித் தூர்வாரிக் கரை உயர்த்திய குடிமராமத்து முறை, இவ்வுறுப்புகள் அனைத்தையும் ஒருங்கே காத்த ஏற்பாடாகும்.

உலக மரபுச்சின்னம் என்னும் சிறப்பு செஞ்சிக்குக் கிடைத்துள்ளமையால் காண வருவோர் இனிப் பெருகுவர். சுவர்களில் பெயர்களைக் கிறுக்குவதும், சுனைகளிலும் குளங்களிலும் நெகிழிப் புட்டிகளை எறிவதும் நூற்றாண்டுகள் தாங்கிய கோட்டையைச் சில ஆண்டுகளில் சிதைத்துவிடும். மதிலில் விழும் கீறல் கண்ணுக்குத் தெரியும். குளத்தின் வரத்துக்கால் அடைபடுவது எளிதில் கண்ணுக்குத் தெரியாது. ஆதலின் அதனைக் கவனிப்பாரும் குறைவு. மரபுச்சின்னத்தைப் பேணுதல் என்பது அதன் நீர்வழிகளைப் பேணுவதையும் உள்ளடக்கியதே.

கோனார்களும் நாயக்கர்களும் சுல்தான்களும் மராத்தியரும் முகலாயரும் நவாபுகளும் ஆண்ட செஞ்சியில் இன்று அரசர் எவரும் இல்லை. அவர்களுள் பலர் ஒருவரோடொருவர் போரிட்டவர்கள். மொழியாலும் சமயத்தாலும் வேறுபட்டவர்கள். ஆயினும் குன்றின் அடிவாரத்தில் நீரைத் தேக்கிய அறிவை ஒருவரிடமிருந்து ஒருவர் பெற்றுப் பயன்கொண்டனர். அவ்வறிவு இம்மாவட்டத்தின் ஒவ்வோர் ஏரிக்கரையிலும் இன்னும் எஞ்சியுள்ளது. அதனைக் காக்கும்வரை குறிஞ்சியும் முல்லையும் பாலையாகத் திரியா.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலுள்ள ஏரி அல்லது குளத்தின் வரத்துக்கால், மதகு, கலங்கல் ஆகியவற்றைக் கண்டறிந்து, அவற்றின் இன்றைய நிலையை வரைபடத்துடன் எழுதுக.

2. 'பாலை என்பது நிலம் அடையும் ஒரு நிலை' என்னும் கருத்தை உங்கள் பகுதியின் மழை, கோடை அனுபவங்களோடு ஒப்பிட்டு வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. செஞ்சிக் கோட்டையைக் காண வருவோருக்கு வழிகாட்டும் வகையில், கோட்டையின் நீர்நிலைகளை மட்டும் மையமாகக் கொண்ட ஒரு பக்கக் கையேட்டை உருவாக்குக.

4. நீர்நிலைகளைக் குறிக்கும் சொற்கள் அமைந்த ஊர்ப்பெயர்கள் பத்தினைத் தொகுத்து, அப்பெயர்களின் பொருளை எழுதுக.